சத்தம் கேட்கிறது, கவுதாரி கண்ணில் படவில்லை

நடந்து போய்த் தேடாதீர்கள், ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். கானாடுகாத்தான் வீட்டுக்குப் பின்னால் கருவேலங்காட்டில் காலையில் கவுதாரி கத்துகிறது, கேமராவோடு கிட்டப் போனால் ஒன்றுமில்லை என்கிறீர்கள். அது அங்கேதான் இருந்திருக்கும். பறப்பதைவிட ஓடுவதைத்தான் கவுதாரி நம்பும். ஆள் அரவம் கேட்டதும் புதருக்குள் ஓடிவிடும். காலடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால்தான் படபடவென எழும்பும், அதுவும் கொஞ்ச தூரத்திலேயே இறங்கிவிடும்.

சத்தத்தைத் துரத்துவதை விட்டுவிட்டு, அது புழுதி குளிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஊருணிக் கரை, வண்டிப்பாதை ஓரம், எங்காவது காய்ந்த செம்மண்ணில் கிண்ணம் போலச் சிறு பள்ளம் இருக்கும். நாட்டுக்கோழி குளித்த பள்ளமும் அப்படித்தான் இருக்கும். அதனால் உள்ளே கிடக்கும் இறகைப் பாருங்கள். பழுப்பில் மெல்லிய குறுக்குக் கோடுகள் ஓடினால் பெரும்பாலும் கவுதாரிதான்.

விடியுமுன் அங்கே போய், சூரியன் முதுகுப் பக்கம் வரும்படி தரையோடு தரையாக உட்காருங்கள். கார் போகும் பாதை என்றால் உள்ளிருந்தே எடுக்கலாம், வண்டிக்கு அவ்வளவாக மிரளாது. எடுத்த படம் மங்கலாக வந்தால், குறுக்கே நிற்கும் புல்லில் ஃபோகஸ் சிக்குவது காரணமாக இருக்கலாம். கேமராவில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தேர்ந்தெடுத்து, அந்தப் புள்ளியைக் கவுதாரியின் கண்ணில் வையுங்கள்.

கைபேசியில் கூவலைப் போட்டு மட்டும் வரவழைக்காதீர்கள், ப்ளீஸ். கண்ணி வைப்பவர்கள் செய்கிற வேலை அது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கவுதாரி பிடிப்பது குற்றம், ஆனாலும் பிடிக்கிறார்கள். அதனால் படம் போடும்போது இடத்தையும் சொல்லாதீர்கள்.