ஆளைக் கண்டாலே ஒடுங்கும் நாய்க்குட்டி பட்டிக் காவலுக்குத் தேறுமா?

கேள்வி: ஆட்டுப் பட்டிக் காவலுக்கு என்று மூன்று மாத நாய்க்குட்டி ஒன்று வாங்கி வந்தோம். பிறந்ததிலிருந்து ஒரு கொட்டகைக்குள்ளேயே கிடந்ததாம், ஆள் பழக்கம் கிடையாது. வந்து பத்து நாள் ஆகிறது. கிட்டே போனால் மூலையில் ஒடுங்கி நின்ற இடத்திலேயே சிறுநீர் விடுகிறது. மோட்டார் போட்டால் தீவன மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. கட்டிப்போட்டுப் பழக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கட்டிப்போடாதீர்கள். பயந்த பிராணிக்கு இருக்கும் முதல் வைத்தியமே விலகி ஓடுவதுதான். சங்கிலி போட்டால் அதுவும் போய்விடும். அப்புறம் அதற்கு மிச்சமிருப்பது இரண்டே வழி: உறைந்துபோய்க் கிடப்பது, இல்லையென்றால் கடிப்பது. நான்கு நாளில் சத்தமில்லாமல் படுத்திருப்பதைப் பார்த்து “பழகிவிட்டது” என்பார்கள். அது பழக்கம் அல்ல, இனி தப்பிக்க வழியில்லை என்று கைவிட்ட நிலை.

குட்டி பிறந்த 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12 முதல் 14 வாரம் வரைதான் ‘உலகத்தில் இதெல்லாம் சாதாரணம்’ என்று அதன் மனதில் பதிகிற காலம். அந்த வயதில் காணாத மனிதர், கேட்காத சத்தம் எல்லாம் பிறகு சந்தேகத்துக்குரியவை ஆகிவிடும். உங்கள் குட்டி அந்தக் காலத்தின் பெரும்பகுதியை நான்கு சுவருக்குள் கழித்துவிட்டது. வாசல் முழுக்க அடைபடவில்லை, ஆனால் இனி ஒவ்வொன்றையும் நிதானமாகத்தான் கற்றுத்தர வேண்டும். தாய் பயந்த சுபாவமாக இருந்தால் குட்டிக்கும் அதில் பங்கு வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

முதலில் அதற்கென்று ஓர் ஒதுக்கிடம் வேண்டும். ஒரு பக்கம் திறந்த பெட்டியைச் சுவரோரம் வையுங்கள். அங்கிருந்து ஆள் நடமாட்டம் தெரிய வேண்டும், ஆனால் யாரும் அதைத் தாண்டி நடக்கக் கூடாது. உள்ளே போய்விட்டால் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. சிறுநீர் விட்டதற்கு அதட்டாதீர்கள். அது அடம் அல்ல, “என்னை ஒன்றும் செய்துவிடாதே” என்கிற கெஞ்சல். குட்டி நகர்ந்த பிறகு துடைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, நீங்கள் பேசாமல் உட்காருவது. தரையில், அதற்குப் பக்கவாட்டில் திரும்பி, கண்ணுக்குக் கண் பார்க்காமல். அதற்குப் பிடித்த தீனியைச் சிறு துண்டுகளாக்கி, உங்களை நோக்கி அல்ல, குட்டிக்குப் பின்னால் விழும்படி போடுங்கள். தீனி காட்டிக் கிட்டே இழுத்தால் ஆசை ஒரு பக்கமும் பயம் ஒரு பக்கமுமாகக் குட்டி திண்டாடும். பின்னால் போட்டால் விலகிப் போய்த் தின்னும், பிறகு தானாகத் திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதலில்தான் துணிச்சல் வளர்கிறது.

சில நாளில் ஒன்றைக் கவனிப்பீர்கள். பின்னங்கால்களைத் தூரத்திலேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை நீட்டி, மூக்கை மட்டும் உங்கள் கைக்குக் கொண்டுவரும். பலரும் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆசையில் கையை நீட்டுவார்கள், பத்து நாள் உழைப்பு போய்விடும். அந்தப் பின்னங்கால் ஓடத் தயாராக நிற்கிறது. அதுவும் சேர்ந்து முன்னால் வரும்வரை கையை அசைக்காதீர்கள். வந்த பிறகும் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல், நெஞ்சிலோ தாடையடியிலோ இரண்டு விநாடி சொறிந்துவிட்டு நிறுத்துங்கள். ஒட்டி வந்தால் தொடரலாம். விலகினால் சரி, இன்றைக்குப் போதும்.

எவ்வளவு கிட்டே போகலாம் என்பதற்கு அதன் வாய்தான் அளவுகோல். தின்கிறது என்றால் தூரம் சரி. பிடித்த தீனியையே தொடாமல் நிற்கிறது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுகிறது, உதட்டை நக்குகிறது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறது என்றால் இன்னும் தள்ளிப் போங்கள்.

மோட்டாருக்கும் இதே கதைதான். சத்தம் லேசாகக் காதில் விழும் தூரத்தில் நீங்கள் குட்டியோடு இருங்கள், வேறொருவர் மோட்டார் போடட்டும். சத்தம் வந்த பிறகு தீனி, சத்தம் நின்றதும் தீனியும் நிற்க வேண்டும். வரிசை மாறக் கூடாது. தீனி முந்தினால், நாளடைவில் தீனியைக் கண்டதுமே “ஏதோ வரப்போகிறது” என்று மிரளும். பயந்து உங்களிடம் ஓடிவந்தால் தாராளமாக ஒட்டி நிற்க விடுங்கள். அணைத்தால் பயம் வளரும் என்பது வெறும் பேச்சு.

ஆடுகளை இப்போதைக்கு வேலிக்கு அப்பால் இருந்து பார்த்தால் போதும். சாதுவான கிழட்டு ஆடாக இருக்கட்டும். குட்டி போட்ட தாய் ஆடு வேண்டாம், ஒரு முட்டு வாங்கினால் ஜென்மத்துக்கும் மறக்காது. நாய்க்கு ஒன்றரை, இரண்டு வயது ஆகும்வரை ஆடுகளோடு தனியே விட்டு நம்பக் கூடாது. இன்னொன்று: பயந்த நாய்தான் நன்றாகக் கடிக்கும், அதுவே காவல் என்று சிலர் சொல்வார்கள். பயத்தில் கடிக்கும் நாய் திருடனையும் கடிக்கும், பால் கறக்க வருபவரையும் கடிக்கும். உங்கள் குட்டி எதிர்த்து நிற்கும் காவலாக வராமல், ஆள் வந்தால் குரைத்துச் சொல்லும் நாயாக மட்டும் தேறினாலும் அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். குடற்புழு, இரத்தசோகை, காது வலி, பார்வைக் குறை எது இருந்தாலும் குட்டி சுருண்டுதான் கிடக்கும். பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற நாய்த் தொற்றுநோய்களுக்கான தடுப்பூசிகள் 16 வாரம் வரை தவணையாகப் போட வேண்டியவை, ரேபிஸ் ஊசி தனி. அவை முடியும்வரை வெளிநாய்கள் திரியும் இடத்தில் தரையில் விடாமல், கிட்ட வரப் பழகியதும் கூடையில் வைத்து எடுத்துப்போய் வேடிக்கை காட்டலாம். ஒரு மாதம் இப்படிச் செய்தும் ஆள் இருக்கும்போது ஒரு வாய்கூடத் தின்னவில்லை என்றால் மறுபடி அவரிடமே கேளுங்கள். பயத்தைத் தணிக்க மாத்திரைகள் உண்டு, ஆனால் அவர் எழுதித் தந்தால் மட்டுமே.