வீட்டில் 20 பேர் வந்து 3 நாள் தங்குகிறார்கள். சுலபமாக என்ன சமைத்துப் போடலாம்?

கோயில் கொடைத் திருவிழாவுக்கு 20 பேர் வருகிறார்கள், அதில் ஐந்தாறு பேர் பிள்ளைகள், சமைக்க நானும் மாமியாரும் மட்டும்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீடு பாளையங்கோட்டைப் பக்கம். அம்மன் கொடை என்றால் சென்னை, திருப்பூர், மும்பை என்று பிழைக்கப் போன சொந்தமெல்லாம் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதல் காரியமாக, ஒவ்வொன்றாகச் சுட்டு எடுக்கிற எதையும் யோசிக்காதீர்கள். தோசை, சப்பாத்தி, பூரி, அடை எதுவும் வேண்டாம். ஆளுக்கு மூன்று தோசை என்றாலே 60 தோசை. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று பார்த்தால் இரண்டு மணி நேரம் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டும். நடுவில் ஒரு மாமா "எனக்கு மட்டும் கொஞ்சம் முறுகலா" என்பார். தீர்ந்தது. ஒரே பாத்திரத்தில் இறக்கி, கரண்டியைப் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிட முடிகிற சமையல்தான் உங்களுக்குச் சரிப்படும்.

காலைக்கு இட்லியை மிஞ்ச ஒன்றும் கிடையாது. வாடகைப் பாத்திரக் கடையில் இட்லிக் கொப்பரை ஒன்று எடுத்து வந்துவிடுங்கள். ஒரே ஈட்டில் ஒரு பந்திக்கான இட்லி வெந்துவிடும். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டால் 60, 70 இட்லி வரும். 20 பேருக்கு ஒன்றரை கிலோ அரிசி போட்டால் தாராளம். முந்தின நாள் சாயங்காலம் அரைத்து, பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மாவு பொங்கி வழிந்து, காலையில் தரையைத் துடைக்கிற வேலை தனியாக வந்து சேரும். தொட்டுக்கொள்ளச் சாம்பார் ஒன்று போதும். தேங்காய்ச் சட்னி அரைத்தால் அப்போதே காலியாகிற அளவுக்கு மட்டும் அரையுங்கள், மத்தியானத்துக்குள் ஊசிவிடும். தக்காளிச் சட்னியை நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சுருள வதக்கினால் ராத்திரி வரை தாங்கும். மிளகாய்ப் பொடி ஒரு டப்பா நிறைய இடித்து வைத்திருந்தால் எந்த நேரத்துக்கும் கவலையில்லை.

இரண்டாம் நாள் காலை வெண்பொங்கல். ஒன்றரை கிலோ பச்சரிசி, அரை கிலோ பாசிப்பருப்பு. இதில் கவனிக்க வேண்டியது, பொங்கல் ஆற ஆற இறுகும். முதல் பந்திக்கு இளக்கமாக இருந்தது மூன்றாம் பந்திக்குக் கட்டியாகிவிடும். பக்கத்து அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பந்திக்கும் முன்னால் ஒரு செம்பு ஊற்றிக் கிளறிவிடுங்கள். சாம்பார் சாதத்துக்கும் இதே கதைதான். அப்புறம், பொங்கல் தின்றவர்கள் பத்து மணிக்கெல்லாம் ஆளுக்கொரு பாயை விரித்துவிடுவார்கள். கோயில் வேலை இல்லாத நாளில் போடுங்கள்.

உப்புமாவைச் சிலர் யோசனையாகச் சொல்லுவார்கள். எனக்கு உப்புமா பிடிக்கும். ஆனால் வெளியூரிலிருந்து வந்த சொந்தத்துக்கு உப்புமா போட்டால் அந்தப் பேச்சு அடுத்த கொடை வரை ஓடும். அதே ரவையில் கேரட், பீன்ஸ், பட்டாணி போட்டு, மஞ்சள் பொடி சேர்த்து, நெய் விட்டுக் கிச்சடி என்று இறக்குங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

மத்தியானம் மூன்று நாளும் குழம்பு, ரசம், கூட்டு, பொரியல் என்று இலை நிறைய வைக்க நினைத்தால் உங்கள் இடுப்பு போய்விடும். ஒரு நாள் மட்டும் விசேஷமாகச் செய்யுங்கள். அதற்கும் என் யோசனை சொதிதான், தேங்காய்ப் பாலில் காய் போட்டு வைக்கிற குழம்பு. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைப்பது. இலையில் மரியாதையாகவும் இருக்கும், செய்வதும் ஒரே பாத்திரம். 20 பேருக்கு ஐந்து தேங்காய். துருவிப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு இரண்டையும் முழுசாக வதக்கி, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதைச் சேர்த்து, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி, முருங்கைக்காய் எல்லாவற்றையும் மூன்றாம் பாலிலேயே வேகவிடுங்கள். கால் கிலோ பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து இதில் சேர்த்து, இரண்டாம் பாலையும் ஊற்றி ஒரு கொதி விடுங்கள். கடைசியில் முதல் பால். அது ஊற்றிய பிறகு கொதிக்கவே கூடாது, ஓரத்தில் நுரை கூடுகிறபோதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவதும் இறக்கி வைத்த பிறகுதான். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் பால் திரிந்துபோகும். சோற்றுக்கு இரண்டேகால் கிலோ அரிசி போடுங்கள். சொதிக்கு எல்லோரும் இரண்டு பிடி கூடவே சாப்பிடுவார்கள்.

தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். தேங்காய்ப் பால் வயிற்றில் கனம், அதற்குத்தான் இஞ்சி. புளியும் வெல்லமும் போட்டுச் சுண்டக் காய்ச்சிய பச்சடி நாலைந்து நாள் தாங்கும், விருந்தாளி வருவதற்கு முந்தின நாளே செய்து வைத்துவிடலாம். சிப்ஸைக் கடையில் வாங்குங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. சொதி மிஞ்சினால் ராத்திரிக்கு வைக்காதீர்கள், கெட்டுப்போகும்.

இன்னொரு நாள் மத்தியானம் சாம்பார் சாதம். ஒன்றரை கிலோ அரிசி, முக்கால் கிலோ துவரம்பருப்பு, கிடைத்த காய் எல்லாம். அப்பளம் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். அப்பளத்தைக் காலையிலேயே பொரித்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத தகர டின்னில் போட்டு மூடிவிட்டால் சாப்பாட்டு நேரத்தில் எண்ணெய்ச் சட்டி வைக்க வேண்டாம்.

கொடை முடிந்த மறுநாள் எப்படியும் கறி கேட்பார்கள். பிரியாணியை வீட்டில் செய்ய வேண்டாம் என்பேன். ஊரில் பிரியாணி போடுகிற மாஸ்டர் யாராவது இருப்பார், அவரிடம் அரிசிக் கணக்கில் சொல்லிவிடுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி போட்டால் எட்டிலிருந்து பத்துப் பேர் சாப்பிடலாம். உங்களுக்கு இரண்டரை கிலோ. வெங்காயத் தயிர்ப் பச்சடி மட்டும் வீட்டில். தேக்சாவோடு கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். காசு கொஞ்சம் கூடத்தான், ஆனால் அன்றைக்காவது நீங்களும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

ராத்திரிக்கு மெனக்கெடாதீர்கள். இடியாப்பம் பிழிந்து விற்கிறவர்கள் இருந்தால் முந்தின நாளே சொல்லிவைத்து வாங்கி, தேங்காய்ப் பாலும் சீனியும் வையுங்கள். காலை மாவு இருந்தால் திரும்பவும் இட்லி. யாரும் குறை சொல்ல மாட்டார்கள், எல்லோருக்கும் கோயிலுக்குப் போகிற அவசரம்.

உண்மையில் ஆளைக் கொல்வது சாப்பாடு இல்லை, காப்பி, டீதான். ஆறு மணிக்கு ஒருவர் எழுந்திருப்பார், ஏழுக்கு ஒருவர், எட்டரைக்குப் பல் துலக்கிக்கொண்டே "எனக்கு இன்னும் வரல" என்று ஒருவர். தனித்தனியாக ஆற்றிக்கொண்டிருந்தால் இட்லி ஊற்ற ஆள் இருக்காது. பெரிய பிளாஸ்க் இரண்டு வாங்கியோ இரவல் கேட்டோ வைத்து, ஒன்றில் காப்பி, ஒன்றில் டீ, சீனி தனியாக, பக்கத்தில் டம்ளர் என்று திண்ணையில் வைத்துவிடுங்கள். எழுந்தவர் ஊற்றிக் குடிக்கட்டும். ஒரு வேளைக்கு இரண்டரை லிட்டர் பால் ஆகும், பால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வருகிற பெண்கள் "ஏளா, நான் என்ன செய்யட்டும்?" என்று அடுக்களைக்குள் வந்து நிற்பார்கள். "ஒண்ணும் வேண்டாம் அத்தை, நீங்க உக்காருங்க" என்று சொல்லாதீர்கள். உட்கார மாட்டார்கள், சாம்பாரில் உப்புப் பார்க்க ஆரம்பிப்பார்கள். கையோடு ஒரு வேலை கொடுங்கள். அத்தைக்குச் சின்ன வெங்காயம், மதினிக்குப் பீன்ஸ். முற்றத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே உரித்துத் தந்துவிடுவார்கள். தேங்காய் துருவுகிற வேலை மாமாக்களுக்கு. சும்மா செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது தேவலை.

தட்டு கழுவுகிற வேலையே இருக்கக் கூடாது. வாழை இலை வாங்குங்கள், காலைக்கும் ராத்திரிக்கும் டிபன் இலை, மத்தியானத்துக்குச் சாப்பாட்டு இலை. மாற்று சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கேட்பார்கள், அதைப் பெரிய வேலையாக நினைக்க வேண்டாம். புளிக்காய்ச்சலைப் பத்து நாள் முன்பே நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி வையுங்கள். கால் கிலோ புளியில் செய்தால் ஒன்றரை கிலோ அரிசிச் சோற்றுக்கு வரும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கிளறுங்கள், சூட்டோடு கட்டினால் வியர்த்துவிடும். பிள்ளைகளுக்குத் தயிர் சாதம் என்றால், குழைந்த சோற்றில் காய்ச்சிய பாலை ஊற்றிப் பிசைந்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். காலையில் கிளம்பினால் வண்டி மதுரை தாண்டிப் பசி எடுக்கிற நேரத்தில் புளிக்காமல் உறைந்திருக்கும்.