மூவாயிரம் ரூபாய்க்குள், குறைந்த விலையில், பின்புறம் மூடிய ஹெட்போன் வாங்கும்போது அணியும் வசதியையும் ஒலியையும் எப்படி மதிப்பிடுவது?

மூவாயிரம் ரூபாய்க்குள் வேண்டும் என்று மட்டும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். படிப்புக்கோ வீட்டிலிருந்து பார்க்கும் வேலைக்கோ நாளுக்கு மூன்று நான்கு மணி நேரம் அணியப் போகிறீர்கள் என்றும், கைபேசியிலோ மடிக்கணினியிலோ நேரடியாகச் செருகப் போகிறீர்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கப்பின் வெளிப்புறம் துளையின்றி அடைபட்டிருக்கும் இந்த மூடிய வகை ஹெட்போனில் வசதி வேறு, ஒலி வேறு என்று பிரித்து மதிப்பிட முடியாது. கப்பின் விளிம்பிலுள்ள மெத்தையான குஷன் காதைச் சுற்றி எப்படிப் படிகிறதோ, அதைப் பொறுத்தே கீழ்ஸ்தாயி ஒலி நிற்பதும் கசிவதும் அமைகிறது.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே, பதிவு செய்த நேர்காணல்களைக் கேட்டு எழுத்தில் வடிக்கும் வேலையைச் செய்து வருகிறேன். நாளுக்கு ஆறு மணி நேரம் காதில் ஹெட்போன் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையின் குளிரூட்டிய அறையில், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, நின்றபடியே ஒரு திரைப்பாடலை மூன்று நிமிடம் கேட்டு ஒன்றை வாங்கினேன். பேஸ் எனப்படும் அந்தக் கீழ்ஸ்தாயி ஒலி அதிர அதிரக் கேட்டது. பெட்டியில் 50 மி.மீ. டிரைவர் (கப்புக்குள் ஒலியை எழுப்பும் பகுதி) என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்ததையும் நம்பினேன். வீட்டில் கண்ணாடியோடு அணிந்து வேலைக்கு உட்கார்ந்தபோது, நாற்பது நிமிடத்துக்குள் கண்ணாடியின் கை காதுக்கு மேலே எலும்பில் அழுந்தி வலிக்கத் தொடங்கியது. வலி பொறுக்காமல் கப்பைச் சற்று நகர்த்தினால் இடைவெளி விழுந்து பேஸ் வெளியேறி ஒலி சன்னமாகிவிடும்; இறுக்கமாகவே விட்டால் பேஸ் பெருகிப் பேச்சை மூடிவிடும்.

அந்த ஹெட்போனை வைத்துக்கொண்டுதான், தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்ததைப் பற்றியும் அதற்குப் பிந்தைய நாட்களைப் பற்றியும் பேசிய பதிவை எழுதினேன். "கடனை நம்பித்தான் தொழிலுக்குப் போறோம்" என்று அவர் சொன்னதை, "கடலை நம்பித்தான்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். நேர்காணல் எடுத்தவர் கண்டுபிடித்துத் திருத்தினார். அந்த மனிதர் பேசியது படகுக்காக வாங்கிய கடனைப் பற்றி. நான் எழுதியதோ மேடைப் பேச்சில் வரும் வாக்கியம். இன்றும் அது மனத்தை உறுத்துகிறது. தவறு என் கவனத்திலும் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆயினும், கீழ் அதிர்வெண்கள் மிகுந்தால் அவற்றுக்கு மேலுள்ளவற்றைச் செவி சரிவரப் பிரித்தறியாது. மறுநாள் வேறொரு ஹெட்போனை இரவல் வாங்கிக் கேட்டபோது 'ன'கரம் ஐயத்துக்கு இடமின்றி ஒலித்தது.

ஆகையால் கடைக்குப் போகும்போது, கண்ணாடி அணிபவராக இருந்தால் கண்ணாடியோடே சோதியுங்கள். மிருதங்கத்தின் தொப்பியோ (கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் இடப்பக்கம்) தவிலோ நன்றாக ஒலிக்கும், உங்களுக்குப் பழகிய ஒரு பதிவை ஓடவிட்டு, இரண்டு கப்புகளையும் உள்ளங்கைகளால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று கூடினால், அந்த குஷன் உங்கள் தலையில் சரியாகப் படியவில்லை என்று பொருள். அடுத்து ஒரு செய்தி வாசிப்பைக் கேளுங்கள்; 'ச', 'ஸ' ஆகிய ஒலிகள் காதைக் கீறக் கூடாது, மழுங்கவும் கூடாது. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்வது மிக முக்கியம், ஏனெனில் சற்று உரக்க ஒலிப்பதே தரமானதாகத் தோன்றும். காது மடல் உள்ளே இருக்கும் துணியில் இடிக்கிறதா என்பதையும், தலைப்பட்டை உச்சியில் ஒரே புள்ளியில் அழுத்துகிறதா என்பதையும் அறிய, குறைந்தது இருபது நிமிடமாவது அணிந்திருக்க வேண்டும்.

டிரைவர் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். 1991-இல் வெளிவந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் நிலைத்துவிட்ட சோனி எம்.டி.ஆர். 7506-இல் இருப்பது 40 மி.மீ. டிரைவர்தான். மின்தடையைக் கவனியுங்கள், 32 ஓம் அளவிலுள்ளவை பொதுவாகக் கைபேசியிலேயே போதிய உரப்போடு ஒலிக்கும், 250 ஓம் உள்ளவற்றுக்குப் பெரும்பாலும் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். எடையும் பேசப்பட வேண்டிய ஒன்று. ஆடியோ டெக்னிகா எம்.20 எக்ஸ் ஏறத்தாழ 190 கிராம், அதே வரிசையின் எம்.50 எக்ஸ் 285 கிராம். கடையில் தெரியாத இந்த வேறுபாட்டை மூன்றாவது மணி நேரத்தில் கழுத்து உணரும்.

எந்த அதிர்வெண் எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று காட்டும் அளவீட்டு வரைபடங்களைப் பார்த்தாலே போதும் என்று சிலர் மறுக்கக்கூடும். நானும் அவற்றைப் பார்ப்பவன்தான், அவற்றின் பயனைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் கண்ணாடி அணியாத செயற்கைத் தலையில், குஷன் பிசகாமல் படிந்த நிலையில் எடுக்கப்படுபவை. மூடிய வகை வெளிச்சத்தம் முழுவதையும் தடுத்துவிடும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்து அறைப் பேச்சைக் குறைக்கும் அளவுக்கு, மின்விசிறியின் உறுமலையோ பேருந்து இஞ்சினின் அதிர்வையோ அது குறைக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. கடலோர ஈரப்பதத்திலும் வியர்வையிலும் செயற்கைத்தோல் குஷன் வெகு சீக்கிரம் உரிந்துவிடுகிறது. எனக்கு ஓராண்டுகூடத் தாங்கவில்லை. கறுப்புச் செதில்கள் காதிலும் தலையணையிலும் ஒட்டின. கடையில் மாற்று குஷன் கேட்டதற்கு, அப்படித் தனியாக விற்பதில்லை, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். டிரைவரும் கம்பியும் பழுதின்றி இருக்க, உறை உரிந்ததற்காக முழுப் பொருளையும் குப்பையில் போடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அளவு பார்த்துத் துணி குஷன் ஒன்றை இணையத்தில் வாங்கிப் பொருத்தினேன். வியர்ப்பது குறைந்தது; ஆனால் துணியின் வழியே காற்று போவதால் பேஸும் குறைந்தது. என் வேலைக்கு அது நன்மையாகவே முடிந்தது, இசைக்காக வாங்குபவருக்குக் குறையாகத் தோன்றலாம்.

எனவே பணம் கொடுக்கும் முன், அந்த மாடலுக்கு மாற்று குஷன் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பெட்டியைப் பிரித்து அணிந்து பார்க்க விடாத கடையாக இருந்தால், திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.