‘1976 ரஷ்யத் தொகுப்பு’ என்று விற்கப்படும் வெல்வெட் கவுனை வாங்கலாமா?

கேள்வி: பாரிஸில் பழைய உடைகளை விற்கும் கடை ஒன்று, பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஈவ் செயின்ட் லாரன்டின் கறுப்பு வெல்வெட் கவுன் ஒன்றைத் தன் இணையதளத்தில் 900 யூரோவுக்கு விற்பனைக்கு வைத்திருக்கிறது. ‘1976ஆம் ஆண்டின் புகழ்பெற்ற ரஷ்யத் தொகுப்பைச் சேர்ந்த ஓட் கூத்தூர் உடை’ என்று விளக்கம் தந்திருக்கிறார்கள். படத்தில் ‘ரிவ் கோஷ்’ லேபிளும், 38 என்ற அளவும் தெரிகின்றன. நம்பி வாங்கலாமா?
– வாசகி, பாரிஸ்

பதில்: கடை தந்திருக்கும் விளக்கத்தை அந்த லேபிளே மறுக்கிறது. ஓட் கூத்தூர் என்பது ஒரு வாடிக்கையாளருக்கென்றே அளவெடுத்துப் பெரும்பகுதி கையால் தைத்துத் தரப்படும் உடை. அதில் 36, 38 என்ற ஆயத்த அளவுகளுக்கு இடமில்லை. ரிவ் கோஷ் என்பதோ, 1966 செப்டம்பரில் பாரிஸின் துர்னோன் தெரு 21ஆம் எண்ணில் ஈவ் செயின்ட் லாரன்ட் திறந்த ஆயத்த ஆடைக் கடையின் பெயர். ஆகவே கடைக்காரர் விவரம் தெரியாமல் எழுதியிருக்கலாம், அல்லது விலையை ஏற்றுவதற்காக எழுதியிருக்கலாம். எப்படியிருந்தாலும் ஓட் கூத்தூருக்கான விலையை நீங்கள் கொடுக்கத் தேவையில்லை.

அதற்காக அந்தக் கவுனை மதிப்பற்றது என்று ஒதுக்கிவிட வேண்டாம். பெரிய வடிவமைப்பாளரின் உடை என்றால் அது செல்வச் சீமாட்டிகளுக்கு மட்டுமே என்றிருந்த காலத்தில், கடைக்குள் நுழைந்து, போட்டுப் பார்த்து, அன்றே வாங்கிச் செல்லும் வழியை ரிவ் கோஷ் திறந்துவிட்டது. என்னைக் கேட்டால், ஆடை வரலாற்றில் அது எந்த ஓட் கூத்தூர் உடைக்கும் குறையாத பெருமை.

ரஷ்யத் தொகுப்பு என்று சொல்லப்படும் 1976ஆம் ஆண்டின் இலையுதிர்–குளிர்காலத் தொகுப்பு உண்மையிலேயே பேரும் புகழும் பெற்றதுதான். ஆனால் அது ஓட் கூத்தூர் தொகுப்பு. மேலும், கறுப்பு வெல்வெட் செயின்ட் லாரன்ட் பல ஆண்டுகள் விரும்பிக் கையாண்ட துணி என்பதால், துணியை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்லிவிட முடியாது. ‘ரிவ் கோஷ்’ என்ற சொற்கள் இல்லாமல் ‘செயின்ட் லாரன்ட் பாரிஸ்’ என்று மட்டும் லேபிள் இருந்தால், அது 2012இல் ஆயத்த ஆடைகளின் பெயர் மாற்றப்பட்ட பிறகு வந்தது என்று கொள்ளலாம். மார்சோ அவென்யூ 5ஆம் எண்ணில், அவருடைய பழைய ஓட் கூத்தூர் இல்லத்திலேயே 2017இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தை, அது திறந்திருக்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால், எது ஓட் கூத்தூர் வேலை என்று கண் பழகிவிடும்.

அடுத்து, துணியைப் பாருங்கள். பழைய வெல்வெட்டில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வெல்வெட்டின் அழகெல்லாம் அதன் மேல் குத்திட்டு நிற்கும் நுண்ணிய நூல்முனைகளில் இருக்கிறது. அவை நசுங்கிப் படுத்திருந்தால், உட்புறமிருந்து ஆவி காட்டி ஓரளவு நிமிர்த்தலாம். உதிர்ந்து அடித்துணி வெளுத்துத் தெரிந்தாலோ, இஸ்திரிப் பெட்டி பட்டுப் பளபளத்துப் போயிருந்தாலோ, எந்த டெய்லராலும் சரிசெய்ய முடியாது. ஆகவே உட்காரும் இடம், முழங்கை, அக்குள், கீழ்மடிப்பு ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பாக அக்குளில், வியர்வையால் இற்றுப்போன பட்டுத் துணி மெல்ல இழுத்தாலே கிழியும். கீழ்மடிப்பை யாராவது பிரித்து நீளத்தைக் கூட்டியிருந்தால், பழைய மடிப்பு இருந்த இடம் ஒரு கோடாக நின்றுவிடும்.

விற்பவர் வியாபாரி என்பதால் பிரெஞ்சுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இணையத்தில் வாங்கிய பொருளைக் கையில் பெற்ற 14 நாட்களுக்குள், காரணம் சொல்லாமலே திருப்ப முடிவு செய்து தெரிவிக்கலாம். பழைய பொருளானாலும், வாங்கிய 12 மாதங்களுக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்தது என்றே சட்டம் கருதும். ஆனால் விற்பவர் முன்கூட்டியே எடுத்துச் சொன்ன குறைக்காக நீங்கள் பிறகு புகார் செய்ய முடியாது. இதே கவுனைத் தனிநபரிடம் வாங்கினால் இந்த இரண்டு பாதுகாப்புகளும் கிடையா. எனவே பணம் கட்டுவதற்கு முன்பே, லேபிளின் பெயர், துணியின் வகை, காலம் ஆகிய மூன்றையும் ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். ‘1976’ என்று விளம்பரத்தில் எழுதியவர் ரசீதில் எழுதத் தயங்கினால், அந்த ஆண்டுக்காக ஒரு யூரோ கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இதே போன்ற உடையை பாரிஸின் துருவோ ஏலக்கூடத்தில் ஏலத்தில் எடுத்தால் மலிவாகக் கிடைக்குமா?
– அதே வாசகி

பதில்: கிடைக்கலாம். ஆனால் ஏலம் முடியும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணமும் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள். ஏலத்தில் எடுத்த பொருளுக்கு 14 நாள் உரிமை இல்லை என்பதால், ஏலத்துக்கு முன் நடக்கும் பார்வை நேரத்தில் நேரில் சென்று, உடையை உட்புறம் திருப்பி லைனிங்கையும் தையலையும் பாருங்கள்.