ஓவர்சைஸ் டீ-ஷர்ட் எனக்கு மட்டும் ஏன் ஒட்டல? – பதில்

டிரெண்டை விடவேண்டாம், சைஸை மாத்துங்க. 5 அடி 5 அங்குலம், ஓவர்சைஸ் போட்டா அண்ணன் சட்டையை மாட்டின மாதிரி இருக்குன்னு சொல்றீங்க. அநேகமா உங்க வழக்கமான எம்-ஐ விட்டுட்டு சாதா ஃபிட்லயே எக்ஸ்எல் எடுத்திருப்பீங்க. அதுல அகலத்தோட நீளமும் கழுத்தும் சேர்ந்து பெருசாகும். டிராப் ஷோல்டர்னு தனியா வெட்டித் தைச்சது வேற: தோள் தையல் கைப்பக்கம் இறங்கும், உடம்பு தாராளமா இருக்கும், நீளம் அந்த அளவுக்குக் கூடாது. அதை எம்-லயே எடுங்க.

வாங்குறதுக்கு முன்னாடி, உங்களுக்கு நல்லா உட்கார்ற டீ-ஷர்ட் ஒண்ணைத் தரையில விரிச்சு, காலர் ஓரத்துலருந்து கீழ் மடிப்பு வரை அளந்து பாருங்க. சைஸ் சார்ட்டுல நீளம் அதைவிட ஒரு அங்குலத்துக்கு மேல கூடினா வேண்டாம்.

துணியையும் கவனிங்க. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடைங்கிறது; கூடினா துணி கனம். 180 ஜிஎஸ்எம் உடம்போட ஒட்டித் தொங்கும். 240 விறைப்பா நின்னு அந்த வடிவத்தைக் காட்டும். ஆனா சென்னை மே மாச வெயில்ல அதைப் போட்டா புழுங்கும். பருத்தி முதல் துவைப்புல சுருங்கலாம், அதனால துவைக்கிற முறை போட்டிருக்கிற டேகை உடனே கிழிக்காதீங்க.

கட்டம் போட்ட அரைக்கை சட்டையெல்லாம் பழசாயிடுச்சான்னும் கேட்டிருந்தீங்க. இல்லவே இல்ல. அதுதான் உங்களுக்கு இயல்பா வருதுன்னா அதையே போடுங்க, தோள் அளவு மட்டும் சரியா இருக்கட்டும்.