செனட் யார் கைக்குப் போகும்? 2026 அமெரிக்க இடைக்காலத் தேர்தல்: கேள்வி பதில்

2026 நவம்பர் 3ஆம் தேதி அமெரிக்கா, அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலைச் சந்திக்கிறது. செனட் போட்டிகளைக் குறித்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, 2025 டிசம்பர் இறுதி நிலவரத்தை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். இடைக்காலத் தேர்தலில் அதிபரின் கட்சி அடிவாங்குவது வழக்கம் என்கிறார்கள். அப்படியானால் இந்த முறை செனட்டும் ஜனநாயகக் கட்சியிடம் போய்விடும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வணக்கம். அந்த வழக்கம் பிரதிநிதிகள் அவைக்குப் பொருந்துகிற அளவுக்குச் செனட்டுக்குப் பொருந்துவதில்லை. 2018ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ப் மீதிருந்த அதிருப்தியில் பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சி ஏறத்தாழ 40 இடங்களை இழந்தது. அதே நாளில் செனட்டில் அக்கட்சியின் பலம் இரண்டு இடங்கள் கூடியது. செனட்டில் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கே தேர்தல் நடக்கும் என்பதும், அந்த ஆண்டு தேர்தலுக்கு வந்த இடங்களில் பெரும்பாலானவை ஜனநாயகக் கட்சியினர் வைத்திருந்தவை என்பதும்தான் காரணம். டிரம்புக்குச் சாதகமான வடக்கு டகோட்டா, மிசௌரி, இந்தியானா ஆகிய மாநிலங்களில் அவர்கள் தோற்றார்கள்.

இந்த முறை களம் வேறு. ஒஹாயோ, ஃபுளோரிடா இடைத்தேர்தல்களையும் சேர்த்து 35 இடங்கள். அவற்றில் 22 குடியரசுக் கட்சியிடமும் 13 ஜனநாயகக் கட்சியிடமும் உள்ளன. அவையின் இன்றைய பலம் 53க்கு 47. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் துணை அதிபர் வான்ஸ் வாக்களிப்பார் என்பதால், பெரும்பான்மைக்கு ஜனநாயகக் கட்சி நிகரமாக நான்கு இடங்களைக் கூடுதலாகப் பெற வேண்டும். ஆனால் அந்த 22 இடங்களில் 2024இல் கமலா ஹாரிஸ் வென்ற மாநிலம் மெய்ன் ஒன்றுதான். மற்ற மூன்று இடங்களையும் டிரம்ப் வென்ற மாநிலங்களில் பறித்தாக வேண்டும், தங்கள் கையில் இருப்பதில் ஒன்றையும் விடக் கூடாது. முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். எளிது என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: நான் வட கரோலைனாவில் கேரி நகரில் வசிக்கிறேன். எங்கள் மாநிலத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். உண்மையிலேயே இங்கே ஜனநாயகக் கட்சி வெல்ல முடியுமா?

பதில்: நாடு முழுவதிலும் ஒரே ஒரு போட்டியை மட்டும் கவனிக்க நேரமிருப்பவர்களுக்கு நான் உங்கள் மாநிலத்தைத்தான் கைகாட்டுவேன். 2008இல் கே ஹேகன் வென்றதற்குப் பிறகு ஜனநாயகக் கட்சி அங்கே ஒரு செனட் தேர்தலிலும் வென்றதில்லை. ஆனால் 2014, 2020, 2022 தேர்தல்களில் தோல்வி ஏறத்தாழ ஒன்றரை முதல் மூன்று சதவீதப் புள்ளிகள்தான். டிரம்ப் அங்கே மூன்று முறை வென்றிருக்கிறார். அந்த மூன்று முறையும், அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சிக்காரர்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர்களில் 2016இலும் 2020இலும் வென்ற ராய் கூப்பர்தான் இன்றைய செனட் வேட்பாளர்.

பதவியில் இருக்கும் குடியரசுக் கட்சி செனட்டர் தாம் தில்லிஸ் விலகியதும் களத்தை மாற்றிவிட்டது. மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டில் கை வைக்கிறது என்று சொல்லி, 2025 ஜூன் இறுதியில் டிரம்பின் பெரிய வரி மசோதாவை அவர் எதிர்த்து வாக்களித்தார். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் எதிராளியை நிறுத்துவேன் என்று அதிபர் மிரட்டினார். மறுநாளே மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்று தில்லிஸ் அறிவித்தார். பதவியில் இருக்கிற, இரண்டு முறை வென்ற ஒருவரை இழந்த கட்சி, தன் தேசியக் குழுவின் தலைவராக இருந்த மைக்கேல் வாட்லியைக் களமிறக்கியிருக்கிறது. வாட்லி இதுவரை மக்கள் வாக்கைக் கேட்டு நின்றவர் அல்லர். டிரம்பின் ஆதரவாளர்களை, டிரம்ப் பெயர் சீட்டில் இல்லாத ஒரு தேர்தலில், வாக்குச்சாவடிக்கு வரவழைப்பதுதான் அவர் முன்னுள்ள வேலை. கூப்பருக்கு என் கணிப்பில் சிறு முன்னிலை உண்டு.

கேள்வி: ஜார்ஜியாவில் ஜான் ஆஸாஃப் பதவியைத் தக்கவைப்பாரா? டிரம்ப் வென்ற மாநிலமாயிற்றே.

பதில்: 2024இல் டிரம்ப் வென்ற மாநிலத்தில் இந்த முறை மறுதேர்வுக்கு நிற்கும் ஒரே ஜனநாயகக் கட்சி செனட்டர் அவர்தான், ஆகவே குடியரசுக் கட்சியின் முதல் குறி அவர்மீதுதான் இருக்கும். ஆனால் அவர்கள் விரும்பிய வேட்பாளரான ஆளுநர் பிரையன் கெம்ப் 2025 மே மாதமே மறுத்துவிட்டார். அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை 2022 முடிவுகள் காட்டும். ஆளுநர் தேர்தலில் கெம்ப் சுமார் 21 லட்சம் வாக்குகள் பெற்றார். அதே சீட்டில் செனட்டுக்கு நின்ற, டிரம்பின் ஆதரவு பெற்ற முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஹெர்ஷெல் வாக்கர் பெற்றவை சுமார் 19 லட்சம். அதாவது ஏறத்தாழ இரண்டு லட்சம் வாக்காளர்கள் கெம்புக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் சொந்தக் கட்சி வேட்பாளரைத் தவிர்த்திருக்கிறார்கள். போட்டி டிசம்பரில் இரண்டாம் சுற்றுக்குப் போய், ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக் வென்றார். இந்த முறையும் ஒருவரும் பாதிக்கு மேல் பெறாவிட்டால் இரண்டாம் சுற்று நடக்கும். முடிவு தெரிய டிசம்பர் ஆகலாம்.

கேள்வி: வேட்பாளர் யார் என்பது அவ்வளவு முக்கியமென்றால், எதிர்க்கட்சி பலவீனமான ஆளைத் தேர்ந்தெடுக்கும்படி செய்ய முடியாதா?

பதில்: செய்திருக்கிறார்கள். 2012இல் மிசௌரியில் ஜனநாயகக் கட்சியின் கிளேர் மெக்காஸ்கில், குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே டாட் ஏக்கினைப் பற்றித் தன் செலவில் விளம்பரம் ஒளிபரப்பினார். "இவர் மிதமிஞ்சிய பழைமைவாதி" என்று கண்டிப்பதைப் போன்ற விளம்பரம் அது. ஆனால் அந்த உட்கட்சி வாக்காளர்களின் காதில் அது பாராட்டாகவே விழும் என்று அவருக்குத் தெரியும். ஏக்கின் தேர்வானார், அதன் பிறகு பாலியல் வன்கொடுமை பற்றி அவர் சொன்ன ஒரு கருத்தால் நாடே கொந்தளித்தது, மெக்காஸ்கில் எளிதாக வென்றார். இந்த உத்தியை நான் வெறுக்கிறேன். எதிரணியில் மோசமானவர் என்று நாமே கருதும் ஒருவரைத் தூக்கிவிடும்போது, அவர் வென்றுவிட்டால் அதன் விலையை மக்கள்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்த ஆண்டு டெக்சஸில் அப்படி எவரும் தூண்டிவிடத் தேவையே இல்லை. 2002 முதல் வென்றுவரும் ஜான் கார்னினை அவருடைய கட்சியைச் சேர்ந்த மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டனே எதிர்க்கிறார். வெஸ்லி ஹண்ட் மூன்றாவதாகச் சேர்ந்திருக்கிறார். மார்ச் 3 அன்று ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால் மே 26இல் இரண்டாம் சுற்று. பாக்ஸ்டன் 2023இல் மாநிலக் கீழவையால் பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு உள்ளாகி, மேலவையில் விடுவிக்கப்பட்டவர். ஜனநாயகக் கட்சியில் ஜேம்ஸ் டலரிகோவும் ஜாஸ்மின் கிராக்கெட்டும் மோதுகிறார்கள். 1994க்குப் பிறகு மாநில அளவில் எந்தப் பதவியையும் அக்கட்சி வென்றிராத மண் அது. ஆனாலும் அங்கே குடியரசுக் கட்சி செலவழிக்கிற ஒவ்வொரு கோடியும் வட கரோலைனாவுக்கும் மிச்சிகனுக்கும் போகாத பணம்.

கேள்வி: டெக்சஸில் தொகுதி எல்லைகளை மாற்றினார்களே, அது செனட்டைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்காது. செனட்டுக்கு மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. எல்லைச் சண்டை எல்லாம் பிரதிநிதிகள் அவைக்கானது.

கேள்வி: தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி செனட்டுக்குப் போட்டியிடுகிறாராமே? வாய்ப்பு எப்படி?

பதில்: ஆம், இல்லினாயில் ஜனநாயகக் கட்சியின் டிக் டர்பின் ஓய்வுபெறும் இடத்துக்கு, அதே கட்சியின் சார்பில் போட்டியிடுகிறார். டெல்லியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா சென்று, பியோரியாவில் வளர்ந்தவர். 2017 முதல் பிரதிநிதிகள் அவையில் இருக்கிறார். அக்கட்சி வலுவாக உள்ள அந்த மாநிலத்தில் நவம்பர் தேர்தலைவிட மார்ச் 17இல் நடக்கும் உட்கட்சித் தேர்தல்தான் முக்கியம். துணை ஆளுநர் ஜூலியானா ஸ்ட்ராட்டனும் ராபின் கெல்லியும் களத்தில் இருக்கிறார்கள். கிருஷ்ணமூர்த்தியிடம் பணபலம் மிகுதி. ஸ்ட்ராட்டனுக்கு ஆளுநர் பிரிட்ஸ்கரின் ஆதரவு இருக்கிறது. இரண்டாம் சுற்று கிடையாது, அதிக வாக்கு பெற்றவரே வேட்பாளர். கிருஷ்ணமூர்த்தி நவம்பரில் வென்றால், கமலா ஹாரிஸுக்குப் பிறகு தமிழ் வேர் கொண்ட இரண்டாவது செனட்டராக இருப்பார்.

கேள்வி: ஒஹாயோவில் ஜனநாயகக் கட்சியின் ஷெராட் பிரவுன் போன தேர்தலில்தானே தோற்றார்? தோற்றவரையே ஏன் மறுபடியும் நிறுத்துகிறார்கள்?

பதில்: 2024இல் அவர் தோற்றது நான்கு புள்ளிகளுக்கும் குறைவாக; அதே மாநிலத்தில் டிரம்ப் வென்றது 11 புள்ளிகளில். கட்சியைத் தாண்டி அவருக்கென்று வாக்குகள் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எதிரே இருக்கும் ஜான் ஹஸ்டட் நியமனத்தால் வந்தவர். டிரம்பின் பெயர் சீட்டில் இல்லாதபோது அந்த 11 புள்ளிகள் எவ்வளவு சுருங்கும் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

கேள்வி: டிரம்ப் அதிபராக இருக்கும்போது செனட் பெரும்பான்மை கிடைத்தும் ஜனநாயகக் கட்சி என்ன சாதிக்க முடியும்?

பதில்: சட்டம் இயற்றுவதில் அதிகம் சாதிக்க முடியாது. பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 வாக்குகள் வேண்டும். நிறைவேறினாலும் அதிபர் தடுக்கலாம். ஆனால் நியமனங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அமைச்சர்கள், கூட்டாட்சி நீதிபதிகள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எல்லோரும் செனட்டின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். 2016இல் ஒபாமா பரிந்துரைத்த மெரிக் கார்லண்டை விசாரணைக்கே அழைக்காமல், அப்போது செனட்டில் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மையின் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தார். அந்த இடம் டிரம்பின் நியமனத்துக்குப் போனது. வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் நீதிபதிப் பதவிகள் இந்த நான்கு இடங்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் இந்தத் தேர்தலை நான் இவ்வளவு கவனமாகப் பார்க்கிறேன்.

கேள்வி: மெய்னில் குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸ் இந்த முறை தோற்பது உறுதி என்று பல இடங்களில் படித்தேன். உங்கள் கருத்து?

பதில்: 2020இலும் இதைத்தான் எழுதினார்கள். கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை, அவரை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் சாரா கிடியனை முன்னிலையில் காட்டின. பைடன் அந்த மாநிலத்தில் 9 புள்ளிகளில் வென்றார். காலின்ஸும் 8 புள்ளிகளுக்கு மேல் வென்றார். ஒரே குடும்பத்தின் தேவைகளைப் போல மாநிலத்தின் துறைமுகங்களையும் கப்பல் கட்டும் தளத்தையும் பேசுகிற செனட்டர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 1996 முதல் அந்தப் பெயரைச் சம்பாதித்திருக்கிறார்.

ஜனநாயகக் கட்சிக்குள் வாஷிங்டன் தலைமை விரும்புவது ஆளுநர் ஜேனட் மில்ஸை. வென்று பதவியேற்றால் அவருக்கு 79 வயதாகியிருக்கும். எதிர்த்து நிற்பவர் சிப்பி வளர்ப்புத் தொழில் செய்யும் முன்னாள் படைவீரர் கிரஹாம் பிளாட்னர், பெர்னி சாண்டர்ஸின் ஆதரவு பெற்றவர். அனுபவத்தை நம்புவதா, கோபத்தை நம்புவதா என்ற அக்கட்சியின் தேசிய விவாதம் முழுவதும் இந்தச் சிறிய மாநிலத்தில் வந்து நிற்கிறது. காலின்ஸை வெல்ல முடியும் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் ஜூன் மாதத்தில் மெய்ன் வாக்காளர்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்க்காமல் அவரைத் தோற்றவர் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.