வாசகர் கேள்வி-பதில்: எண் கிடைத்துவிட்டது, அனுமதி கிடைத்ததா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், புதிதாக ஒரு நாட்டில் குடியேறி அடையாள அட்டைக்கும் குடியிருப்பு அனுமதிக்கும் அலைந்துகொண்டிருப்பவர்கள் அனுப்பியவை. வேறு வேறு நாடு, வேறு வேறு அலுவலகம், ஆனால் குழப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

வேலை விசாவில் ஸ்பெயின் வந்து மூன்று வாரம் ஆகிறது. விசா ஸ்டிக்கரிலேயே என்.ஐ.ஈ எண் அச்சிட்டிருக்கிறது. இனி எதுவும் செய்ய வேண்டாம், அந்த எண்தான் குடியிருப்பு என்கிறார் கூட வேலை பார்ப்பவர். சரிதானா?
– வாசகி, ஸ்பெயின்

தப்பு. தயவுசெய்து இந்த வாரமே கிளம்புங்கள், ஏனென்றால் உங்களிடம் மிச்சமிருப்பது ஒரு வாரம்தான்.

என்.ஐ.ஈ என்பது வெளிநாட்டவருக்கான ஓர் எண், அவ்வளவே. எக்ஸ், ஒய், இசட் மூன்றில் ஓர் எழுத்து, பிறகு ஏழு இலக்கம், கடைசியில் சரிபார்ப்புக்கு ஓர் எழுத்து. ஸ்பெயினில் குடியிருக்கும் எண்ணமே இல்லாமல் அங்கே ஒரு வீடு மட்டும் வாங்குகிறவருக்கும் இதே எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். அவருக்கு அதனால் வசிக்கும் உரிமை வந்துவிடுமா என்ன? உங்களுக்கு உரிமையைக் கொடுப்பது விசாவின் பின்னால் இருக்கும் அனுமதி. அந்த அனுமதியைக் கையில் காட்டுவதற்கான அட்டை டி.ஐ.ஈ. ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் அனுமதியுடன் வரும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள், நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். இ.எக்ஸ்-17 படிவம், கட்டணத்துக்கு 790 படிவம் (குறியீடு 012), போட்டோ, பாஸ்போர்ட், அப்புறம் போலீஸ் அலுவலகத்தில் கைரேகை.

இதில் பெரிய தலைவலி அப்பாயின்ட்மென்ட்தான். பெரிய நகரங்களில் இணையத்தில் இடம் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும், அதைக் காசுக்கு விற்கும் ஆட்களும் உண்டு. அவர்களிடம் போகாதீர்கள், அந்தச் சேவை இலவசம். அதே மாகாணத்தில் உள்ள வேறு ஊர்களின் அலுவலகங்களையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கிடைக்கவே இல்லை என்றால், தினமும் முயன்றதற்குத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் கேள்வி வந்தால் வெறும் வாயால் சொல்வதைவிட அது மேல். நகராட்சியில் முகவரிப் பதிவையும் முடித்துவிடுங்கள். அது இன்னொரு தனி வேலை, அதுவும் குடியிருப்பு அனுமதி அல்ல. வருஷங்கள் போகப்போக அட்டை மாறும், முகவரி மாறும், எண் மட்டும் கடைசிவரை அதேதான்.

வீடு கேட்டால் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்கிறார்கள். வங்கிக்குப் போனால் முகவரிப் பதிவு எங்கே என்கிறார்கள். முகவரியைப் பதிய வீடு வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், ஜெர்மனி

நீங்கள் சொல்லும் இந்த வட்டத்தை வெட்ட இரண்டு இடம் இருக்கிறது.

ஒன்று, வங்கி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு உத்தரவு ஒன்றின்படி, ஒன்றியத்துக்குள் சட்டப்படி இருக்கும் எந்த நுகர்வோருக்கும் அடிப்படைக் கணக்கு திறக்க உரிமை உண்டு. ஜெர்மனியில் அதற்கு ‘பாசிஸ்கான்டோ’ என்று பெயர், 2016 ஜூனிலிருந்து இருக்கிறது. நிலையான முகவரி இல்லாதவருக்கும் இது பொருந்தும். ஆனால் கவுன்ட்டரில் சும்மா ‘ஒரு அக்கவுன்ட் வேண்டும்’ என்று கேட்டால் வழக்கமான கணக்குக்கான பட்டியலைத்தான் நீட்டுவார்கள். பெயரைச் சொல்லி, அதற்கான விண்ணப்பப் படிவத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று, தற்காலிக வீடு. முகவரிப் பதிவுக்கு, அதாவது ‘அன்மெல்டுங்’குக்கு, வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் அங்கே குடிவந்தீர்கள் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சான்று வேண்டும். இது 2015 நவம்பரிலிருந்து கட்டாயம். (அதன் ஜெர்மன் பெயரைத் தமிழில் எழுதினால் இந்தப் பத்தியின் பாதியை அதுவே சாப்பிட்டுவிடும்.) ஆகவே முதல் சில மாதங்களுக்கு அறை தேடும்போது வாடகைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த முகவரியில் பதிய அனுமதிப்பீர்களா? மாட்டேன் என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த அறை உங்களுக்கு உதவாது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். அப்பாயின்ட்மென்ட் தாமதமாகக் கிடைத்தால், அதற்காக முன்பதிவு செய்த தேதியைக் காட்டும் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: தபால் பெட்டி. பதிவு முடிந்தபின் பதினொரு இலக்க வரி அடையாள எண் தபாலில்தான் வரும். பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி எடுத்துப்போய்விடுவார். வீட்டுக்காரர் பெயரில் ஒரு பெட்டி, அதற்குள் நானும் ஒருவன் என்று நினைத்து ஒன்றரை மாதம் கடிதத்துக்குக் காத்திருந்த அறிவாளிகளில் நானும் ஒருவன். ஒரு துண்டுக் காகிதமும் செல்லோ டேப்பும் போதும்.

எனக்கு ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?
– வாசகர், ஊர் குறிப்பிடவில்லை

கண்டிப்பாக. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறது அல்லவா, வரிக்கு 44 எழுத்து, இயந்திரம் படிப்பதற்கானது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 என்ற ஆவணம் சொல்லும் முறை அது. அதில் ஒற்றைப் பெயர் முழுவதும் முதன்மைப் பெயரின் இடத்தில், அதாவது குடும்பப் பெயரின் இடத்தில், போய் உட்கார்ந்துகொள்ளும். மறுபக்கம் காலி. ஆனால் அலுவலகங்களின் கணினிகள் காலி இடத்தை ஏற்பதில்லை. அமெரிக்க விசாவில் அந்த இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று போடுகிறார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். வேறு சில இடங்களில் கோடு போடுவார்கள், அல்லது அதே பெயரை இரண்டு முறை எழுதுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் வரும் சுற்றுலா, பார்வையாளர் விசாக்காரர்களை உள்ளே விட மறுக்கும் அளவுக்குப் போனது.

இத்தாலியில் விஷயம் இன்னும் சிக்கல். அங்குள்ள வரிக் குறியீடு பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்டது, அதையே உங்கள் குடும்பப் பெயர், முதற்பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் எல்லாவற்றிலிருந்தும்தான் உருவாக்குகிறார்கள். குடும்பப் பெயரும் முதற்பெயரும் இடம் மாறிவிட்டால் குறியீடே வேறாகிவிடும், அதாவது கணினியின் பார்வையில் நீங்கள் வேறு ஆள்.

என் யோசனை இது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரைச் சேர்க்க உங்கள் நாடு இடம் கொடுக்கிறது என்றால், முதல் குடியிருப்பு விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். பின்னால் செய்தால் எல்லா அட்டைகளையும் திருத்த வேண்டிவரும். முடியாது என்றால், முதல் அலுவலகம் உங்கள் பெயரை எப்படி எழுதியதோ அதை ஒரு நகல் எடுத்து, அடுத்த ஒவ்வொரு கவுன்ட்டரிலும் ‘இதே மாதிரி’ என்று காட்டுங்கள். அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்காக நம் அரசு ஒட்டிக் கொடுக்கும் சான்று) வாங்கி, மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஏற்கவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை.
– வாசகி

நீங்கள் மொழிபெயர்த்தது எப்போது? அப்போஸ்டிலுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். அசலில் அப்போஸ்டில் ஒட்டிய பிறகு அதையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டும், அதுவும் பல நாடுகளில் அந்த நாட்டு அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும்.

அடுத்தது, சான்றிதழ் கொடுத்த நாடு, அதைக் கேட்கும் நாடு இரண்டும் அப்போஸ்டிலுக்கான 1961 ஹேக் உடன்படிக்கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கனடா சேர்ந்து அது அமலுக்கு வந்ததே 2024 ஜனவரியில்தான். இரண்டும் இருந்தாலும்கூட, புதிதாகச் சேரும் நாட்டுக்கு ஒரு பழைய உறுப்பு நாடு ஆட்சேபம் தெரிவித்தால் அந்த இருவருக்கு இடையில் மட்டும் உடன்படிக்கை செல்லாது. அப்போது தூதரகம் வழியாகச் சான்றளிக்கும் பழைய பாதைதான். மூன்றாவது, சான்றிதழின் வயது. சமீபத்தில் எடுத்த பிரதி வேண்டும் என்று கேட்கும் இடங்கள் நிறைய. எது காரணம் என்று எழுத்தில் கேளுங்கள்.

அப்போஸ்டில் முத்திரை பிறப்புச் சான்றிதழில் இருப்பது உண்மை என்று சொல்வதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கையெழுத்தும் முத்திரையும் அந்த அதிகாரியுடையவைதான் என்று மட்டுமே அது சொல்கிறது. உள்ளே தேதி தப்பென்றால் தப்பு தப்புதான்.

பிரிட்டனில் இருக்கிறேன். அட்டையே இல்லை, எல்லாம் இ-விசா. தொல்லை விட்டது, இல்லையா?
– வாசகர்

பாதி விட்டது. பழைய பிளாஸ்டிக் அட்டைகள் பெரும்பாலும் 2024 டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டன, அவற்றில் பலவற்றின் பின்னால் இருந்த அனுமதி அதற்குப் பிறகும் தொடர்ந்தது. இப்போது வேலைக்கோ வாடகைக்கோ கேட்டால், உங்கள் இ-விசா இருக்கும் இணையக் கணக்கிலிருந்து, அவர்கள் உங்கள் அனுமதியைச் சரிபார்ப்பதற்கான பகிர்வுக் குறியீடு எடுத்துக் கொடுக்க வேண்டும், அது 90 நாள் செல்லும். மறக்கக் கூடாத ஒன்று: பாஸ்போர்ட் புதுப்பித்தால் புதிய எண்ணை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விமான நிலையத்துக்குப் போனால், உங்களுக்கு அனுமதி இருப்பது விமான நிறுவனத்தின் திரையில் தெரியாமல் போகலாம்.

ஜெர்மனியில் என் அனுமதி அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டேன், பதில் இல்லை. நடுவில் வெளிநாடு போய்வரலாமா?
– வாசகி

முடிவதற்கு முன்பே விண்ணப்பித்ததால் முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் கொள்கிறது. அதற்கான தற்காலிகச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தச் சான்றில் எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு என்றால் போய்த் திரும்பலாம். அதே பிரிவின் 3-ஆம் உட்பிரிவு என்றால் திரும்பி வருவதற்கு அது உதவாது, டிக்கெட் போடாதீர்கள். காகிதம் கைக்கு வராமல் கிளம்புவது இரண்டிலுமே வேண்டாம்.